தனி அறை என்ற சலுகை



சில வாரங்களுக்கு முன் ஒரு தங்கை போன் செய்தாள். படிப்பு முடித்து சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வேலை விஷயமாக இரண்டு வாரம் புனேவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஓட்டலில் இருவருக்கு ஒரு அறை. இரண்டாம் நாளே அவளோடு தங்கியிருந்த பெண் வேறு அறைக்குப் போய்விட்டாள். ஏன் என்று ஹெச்.ஆரிடம் கேட்டால், "அது அவங்க பர்சனல் விருப்பம்" என்று பதில். "அக்கா, இதுக்குச் சட்டத்துல ஏதாவது இருக்கா, இல்ல நான்தான் பெருசு பண்றேனா?" என்று கேட்டாள்.

"பெருசு பண்ணல. சட்டம் இருக்கு, ஆனா பாதிதான் இருக்கு" என்றேன். மீதியைப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. வேலைக்குச் சேரப்போகிற, சேர்ந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் இது தேவைப்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கம்பெனியோ, டிரஸ்ட்டோ, அரசுத் துறையோ, வெளியூர்ப் பயிற்சிக்கு ஆட்களை அனுப்பும்போது செலவைக் குறைக்க இருவருக்கு ஒரு அறை போடுவார்கள். பெண்களோடு பெண்கள், ஆண்களோடு ஆண்கள் என்பதைத் தவிர அந்தப் பட்டியலில் யாரும் எதையும் யோசிப்பதில்லை. அலுவலகத்தில் சமத்துவமாக நடந்துகொள்வது அவ்வளவு கஷ்டமில்லை. அவரவர் மேசை, அவரவர் டிபன் பாக்ஸ், ஆறு மணிக்கு அவரவர் வீடு. ஓட்டல் அறை அப்படி இல்லை. ஒரே கழிவறை, ஒரே வாளி, ஒரே தண்ணீர் ஜக்கு. 'ட்வின்' என்று சொல்லிவிட்டுப் பல ஓட்டல்களில் ஒட்டிப் போட்ட ஒரே கட்டில்தான் கொடுப்பார்கள். தண்ணீர், குளியல், சாப்பாடு, படுக்கை என்று தீண்டாமை காலங்காலமாக எதையெல்லாம் அளந்து பிரித்துவைத்ததோ, அதெல்லாம் அந்தப் பத்துக்குப் பதினைந்து அறைக்குள் வந்துவிடும். பகலெல்லாம் 'நான் சாதி பாக்கறதில்ல' என்று சொல்பவருக்கு இரவு பத்து மணிக்குத்தான் உண்மையான பரீட்சை.

நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை. அது திராவிட இயக்கம் செய்த நல்ல காரியம். அதனால் கேள்விகள் சுற்றி வரும். "எந்த ஊரு?" "ஊருக்குள்ளயா, வெளியிலயா?" "உங்க தெருப் பேரு என்ன?" "குலசாமி எது?" "ஸ்காலர்ஷிப்ல படிச்சீங்களா?" இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி வளராதவர் நம்மில் யாரும் இல்லை.

என் விஷயத்தில் கேள்வி கேட்கக்கூடத் தேவைப்படவில்லை. 2018இல் நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருந்தேன். குழந்தைத் தொழிலாளர்களைப் பள்ளியில் சேர்க்கும் வேலை. அந்த வருடம் என் தம்பி கல்யாணத்துக்கு அலுவலகத்தில் எல்லோருக்கும் பத்திரிகை வைத்தேன். பத்திரிகையில் வீட்டு முகவரி 'புதுக்காலனி' என்று இருந்தது. விழுப்புரம் பக்கம் காலனி என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த மாதம் ஹைதராபாத்தில் ஐந்து நாள் பயிற்சி. தமிழ்நாட்டிலிருந்து பத்துப் பெண்கள் போனோம். முதல் நாள் வாட்ஸாப்பில் வந்த பட்டியலில் ஐந்து அறைகள். எனக்கும் எட்டு மாதமாக என்னோடு சேர்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்ட ஒரு சக ஊழியருக்கும் ஒரே அறை. சார்மினார் எக்ஸ்பிரஸில் போய் இறங்கி ஓட்டல் வரவேற்பறைக்குப் போனால் பட்டியல் மாறியிருந்தது. எனக்குத் தனி அறை. அந்த ஊழியர் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்த அறையில் மூன்றாவது ஆளாக, தரையில் எக்ஸ்ட்ரா மெத்தை போட்டுக்கொண்டார்.

ஒருங்கிணைப்பாளர் சிரித்த முகத்தோடு சொன்னார்: "உனக்குத்தான்மா அதிர்ஷ்டம், தனி ரூம். நீ படிக்கிற பொண்ணு, அமைதியா இருக்கட்டும்னு போட்டேன்."

நான் அமைதி கேட்டு யாரிடமும் போகவில்லை. இரண்டு பேர் தங்க வேண்டிய அறையில் எனக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் ஐந்து இரவும் காலியாகக் கிடந்தது. அதில் படுக்க வேண்டியவர் மாடிப்படிக்கு அந்தப் பக்கம் தரையில் படுத்திருந்தார். தரையில் படுப்பது அவருக்கு என்னோடு படுப்பதைவிடச் சௌகரியமாக இருந்திருக்கிறது. மூன்றாம் நாள் வேறொரு தோழி தயங்கித் தயங்கிக் காரணத்தைச் சொன்னாள். "அவங்க வீட்ல கொஞ்சம் ஆச்சாரம் பாப்பாங்களாம். ஒரே பாத்ரூம்னா சங்கடம்னு சொன்னாங்களாம். அவங்களுக்கு ஒண்ணுமில்லையாம், வீட்டுக்குத் தெரிஞ்சா பிரச்சனையாம்."

இதில் இழப்பு எங்கே என்று கேட்பார்கள். கேட்டார்கள். அந்த மூன்று பேர் அறையில்தான் ஒவ்வொரு இரவும் கடைசி நாள் அறிக்கையைத் தயாரித்தார்கள். அடுத்த வருடம் தொடங்கவிருந்த திட்டத்துக்குக் களப் பொறுப்பாளராக யார் யார் வரலாம் என்ற பேச்சும் அங்கேதான் நடந்தது. ஐந்தாம் நாள் காலை டிபன் சாப்பிடும்போது அந்தப் பெயர்கள் எனக்கு முடிவான செய்தியாக வந்து சேர்ந்தன. என் பெயர் இல்லை. பதவி உயர்வு எல்லாம் மீட்டிங்கில் முடிவாவதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். டீக்கடையிலும் கார் பயணத்திலும் ஓட்டல் அறையிலும் பாதி முடிந்துவிடும். அங்கிருந்து ஒருவரை நகர்த்தி வைப்பது வேலையிலிருந்தே நகர்த்தி வைப்பதுதான்.

இது ஒன்றும் புதிய கதை இல்லை. அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போனார். படிக்க வைத்ததே அந்த சமஸ்தானம்தான். கணக்குத் துறை அலுவலகத்தில் பயிற்சி அதிகாரி. வேலை இருந்தது, தங்க இடம் இல்லை. இந்து விடுதிகளில் இடம் கிடைக்காது என்பதால் ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த ஒரு கூட்டம் அவரை மாலைக்குள் காலி செய்யச் சொன்னது. சமஸ்தானத்தின் பங்களா ஒன்றைக் கேட்டு அவர் கொடுத்த மனு முடிவாகாமல் இழுத்துக்கொண்டே இருந்தது. ஒரு இந்து நண்பரிடம் போனார். நீங்கள் வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் அவர். ஒரு கிறிஸ்தவ நண்பரிடம் போனார். மனைவியைக் கேட்க வேண்டும் என்றார் அவர். அண்ணல் ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற அவருடைய சிறு நூலில் இது இருக்கிறது. எல்லோரும் படியுங்கள்.

அதில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இரண்டு விஷயங்கள். ஒன்று, யாரும் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்லவில்லை. வேலைக்காரர், மனைவி என்று வேறு யாரையோ கைகாட்டினார்கள். நூறு வருடம் கழித்து எனக்குச் சொல்லப்பட்டதும் 'வீட்டுக்குத் தெரிஞ்சா பிரச்சனை' என்பதுதான். இரண்டு, வேலை கொடுத்த நிர்வாகம் தங்குமிடத்தைத் தன் பொறுப்பாக நினைக்கவில்லை. அந்த இடத்தில்தான் அவருடைய வேலையே போயிற்று.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடை, உணவகம், ஓட்டல் ஆகியவற்றுக்குள் சாதியைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. எனவே ஓட்டல்காரர் உங்களுக்கு அறை மறுத்தால் அது நேரடி மீறல். உங்களை அனுப்பிய நிறுவனம் அறைக்குள் உங்களைப் பிரித்து வைத்தால் இந்தப் பிரிவு பேசுவதில்லை. 16(2) வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கிறது, ஆனால் அரசு வேலைக்கு மட்டும். தனியார் கம்பெனிக்கும் டிரஸ்ட்டுக்கும் அது வராது. தீண்டாமையை எந்த வடிவத்திலும் ஒழிக்கிற 17ஆவது பிரிவுதான் தனிநபர், நிறுவனம் என்று எல்லோரையும் கட்டுப்படுத்தும்.

அந்த 17க்குக் கை கால் கொடுக்க வந்தது 1955ஆம் ஆண்டுச் சட்டம். இன்று அதன் பெயர் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். நம்மில் பலர் அதை மறந்தே போய்விட்டோம். அதன் 4ஆவது பிரிவு, ஒருவர் எந்தத் தொழிலையும் வேலையையும் செய்வதில் தீண்டாமை காரணமாகத் தடையை விதிப்பதைக் குற்றமாக்குகிறது. தீண்டாமை அடிப்படையில் காட்டும் எந்தப் பாகுபாடும் அந்தத் தடையில் அடங்கும் என்று விளக்கமும் தருகிறது. 12ஆவது பிரிவு அதைவிட முக்கியம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், செயல் தீண்டாமை காரணமாகவே செய்யப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை. 14ஆவது பிரிவின்படி குற்றம் செய்தது கம்பெனி என்றால் அதை நடத்துபவரும் பொறுப்பு.

இவ்வளவும் இருக்கிறது. 4ஆவது பிரிவின் தண்டனை என்ன தெரியுமா? ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, 100 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை அபராதம். எனக்காகக் கூடுதலாகப் போட்ட அந்த அறையின் ஒரு நாள் வாடகைக்கு இந்த அபராதம் காணாது.

அடுத்தது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். நாம் அதிகம் பயன்படுத்துவது 3(1)(r), 3(1)(s) பிரிவுகளை. சாதியைச் சொல்லித் திட்டுவதும் அவமானப்படுத்துவதும் பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும் என்பது அவற்றின் நிபந்தனை. 2020 நவம்பரில் உத்தராகண்ட் வழக்கு ஒன்றில், நான்கு சுவருக்குள் வெளியார் யாரும் இல்லாதபோது நடந்தது பொதுப் பார்வை ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். 2025 ஜனவரியில் நம் திருச்சி மாவட்டத்திலிருந்து போன வழக்கிலும் இதே நிலைதான். வருவாய்த் துறை ஊழியர் ஒருவர் தன் அலுவலக அறைக்குள் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்டதாகக் கொடுத்த புகார் அது. சம்பவம் நான்கு சுவருக்குள் நடந்தது என்று வழக்கே ரத்தானது. அலுவலக அறைக்கே இந்தக் கதி என்றால், இரண்டு பேர் மட்டும் இருக்கும் ஓட்டல் அறையில் ஒருவர் மற்றவரை என்ன சொன்னாலும் இந்தப் பிரிவுகள் கதவுக்கு வெளியிலேயே நிற்கும். என் விஷயத்தில் யாரும் என்னை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார்கள்.

2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஒரு வாசலைத் திறந்தது. சமூகப் புறக்கணிப்பு அதில் தனிக் குற்றம். வழக்கமாக வைத்திருக்கக்கூடிய சமூக உறவை விலக்கிக்கொள்வதும், மற்றவர்களிடமிருந்து ஒருவரைத் தனிமைப்படுத்துவதும் அதன் வரையறையில் வருகின்றன. இதற்குப் பொதுப் பார்வை நிபந்தனை கிடையாது. ஒரு ஆள் ஒரு முறை அறை மாற்றிக் கேட்டதை மட்டும் வைத்து இதை நிரூபிப்பது கடினம். சாப்பாடு, பேச்சு, வேலைப் பொறுப்பு என்று ஒதுக்குவது தொடர்ந்தால் அந்த அறை மாற்றம் ஒரு வலுவான சாட்சி ஆகும்.

ஆக, நம் கையில் இருப்பதெல்லாம் குற்றவியல் சட்டம். போலீஸ், எஃப்.ஐ.ஆர்., நீதிமன்றம். எட்டு மாதம் முன்பு வேலைக்குச் சேர்ந்த பெண், முதல் சம்பளத்தில் வீட்டுக் கடனை அடைக்கத் தொடங்கியவள், அறை மாற்றத்துக்காக ஸ்டேஷன் படி ஏறுவாளா? ஏற மாட்டாள் என்பது ஹெச்.ஆருக்கும் தெரியும். ஸ்டேஷனுக்கும் மௌனத்துக்கும் நடுவில் ஒரு படி இல்லை. பாதிச் சட்டம் என்று நான் சொன்னது இதைத்தான்.

அந்த நடுப்படியைக் கட்டத் தெரியாத நாடில்லை இது. 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தைப் பாருங்கள். வேலை நிமித்தம் ஊழியர் போகும் எந்த இடமும், நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டியும்கூட அதில் பணியிடம். ஓட்டல் அறையில் ஒரு பெண்ணுக்குத் தொல்லை நேர்ந்தால் நிறுவனத்தின் உள் புகார்க் குழு விசாரிக்க வேண்டும். பத்துப் பேர் வேலை செய்தாலே குழு கட்டாயம். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தொற்றைக் காரணம் காட்டி வேலையில் பாகுபடுத்துவதைத் தனியாருக்கும் சேர்த்துத் தடை செய்கிறது. 2019ஆம் ஆண்டு திருநர் உரிமைச் சட்டத்தில் ஆயிரம் குறை உண்டு, ஆனாலும் எல்லா நிறுவனத்திலும் ஒரு புகார் அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது. இவையெல்லாம் போராடிப் பெற்றவை, நல்லவை. தனியார் முதலாளியைச் சட்டத்தால் கட்டுப்படுத்த முடியும் என்று இவை காட்டுகின்றன. சாதிக்கு மட்டும் அலுவலகத்துக்குள் ஒரு புகார்ப் பெட்டிகூட வைக்கச் சொல்லி எந்த மத்தியச் சட்டமும் தனியார் நிறுவனத்திடம் சொல்லவில்லை. கடல் தாண்டி அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2023இல் வேலையிடத்தில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. சாதி பிறந்த ஊரில் இன்னும் இல்லை.

இதை நான் சொல்லும்போதெல்லாம் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்பார்: "பிடிக்காத ஆளோட படுக்கச் சொல்லி எப்படிக் கட்டாயப்படுத்த முடியும்?" நியாயமான கேள்வி. யாரையும் யாரோடும் கட்டாயமாகப் படுக்க வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. என்னை அருவருக்கும் ஒருவரோடு ஐந்து இரவு தூங்க எனக்கும் ஆசையில்லை. ஒருவர் மனதில் இருப்பது அவருடைய விருப்பமாக இருக்கலாம். அந்த விருப்பத்தை வாங்கி, பட்டியலைத் திருத்தி, நிறுவனத்தின் பணத்தில் அறை போட்டு, அதற்கு 'அட்ஜஸ்ட்மென்ட்' என்று பெயர் வைக்கும்போது அது நிர்வாகத்தின் உத்தரவாகிவிடுகிறது. சாதியை அந்த நேரத்தில் நடத்தி வைப்பவர் ஒருங்கிணைப்பாளர். அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. என் ஒருங்கிணைப்பாளர் என்மேல் பாசம் உள்ளவர்தான். பிரச்சனை வரக் கூடாது என்று நினைத்தார். பிரச்சனை யாருக்கு வரக் கூடாது என்பதில்தான் சாதி இருந்தது.

மாணவத் தோழர்கள் இதை விடுதியில் பார்த்திருப்பீர்கள். டெல்லி எய்ம்ஸ் பற்றி சுகதேவ் தோராட் குழு 2007இல் கொடுத்த அறிக்கை, நம் மாணவர்கள் சக மாணவர்களின் தொல்லையால் அறை மாறி மாறிக் குறிப்பிட்ட சில மாடிகளில் ஒதுங்கிப்போனதைப் பதிவு செய்தது. ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியாகப் பார்த்தால் ஒரு மாணவனின் 'விருப்பம்'. கூட்டிப் பார்த்தால் ஒரு சேரி.

ஊர் திரும்பிய பின் நான் இயக்குநருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டே கேள்விகள். பட்டியலை மாற்ற முடிவெடுத்தது யார்? அறை மாற்றிக் கேட்டால் அதைப் பரிசீலிக்க என்ன விதி இருக்கிறது? கூப்பிட்டுப் பேசினார். "தனி ரூம் கொடுத்ததுக்குப் புகாரா? ரொம்ப சென்சிட்டிவா எடுத்துக்கறீங்களே" என்றார். "விதி என்னன்னுதான் கேக்கறேன் சார்" என்றேன். எழுத்தில் வந்த பதில்: 'நிர்வாகக் காரணங்களுக்காக'. அடுத்த மாதம் இன்னும் இரண்டு தோழிகள் கையெழுத்துப் போட, மூன்று பேராக அதே இரண்டாவது கேள்வியைக் கேட்டோம். அவர்களில் ஒருவர் நம் ஆள் இல்லை. அவர் கையெழுத்து வந்தபிறகுதான் அது 'சென்சிட்டிவ்' என்பதிலிருந்து 'ஆலோசனை' என்று ஆனது.

நான்கு மாதம் இழுத்து ஒரு பக்க விதி வந்தது. அறைகள் சீட்டுக் குலுக்கிப் போடப்படும். மாற்றம் வேண்டுபவர் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். உடல்நலம், பாதுகாப்பு இவை தவிர வேறு காரணத்துக்கு மாற்றுபவர் தன் செலவில் வேறு அறை எடுத்துக்கொள்ளலாம். யாரோடு தங்க வேண்டியிருந்ததோ அவருக்கும் தகவல் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பாளர் வேலை எனக்குத் திரும்ப வரவில்லை. 2020இல் நான் வேறு அமைப்புக்கு மாறிவிட்டேன். நான் இருந்தவரை அந்த விதிப்படி எழுத்தில் ஒரு காரணமும் வரவில்லை. காதில் சொல்ல முடிகிற காரணத்தைக் காகிதத்தில் எழுத முடிவதில்லை.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால் செய்ய வேண்டியவை இவை. பழைய பட்டியல், புதிய பட்டியல் இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேதி, நேரம், யார் என்ன சொன்னார் என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள். குற்றச்சாட்டாக எழுதாமல் கேள்வியாக மின்னஞ்சல் அனுப்புங்கள், முடிவெடுத்தவர் யார், விதி என்ன என்று. பெண் என்றால், பாலியல் ரீதியான பேச்சோ நடத்தையோ கலந்திருந்தால் உள் புகார்க் குழுவுக்கும் போங்கள். மிரட்டல், இழிசொல், தொடர்ந்த ஒதுக்கல் என்று போனால் வழக்கறிஞரோடு போய்ப் புகார் கொடுங்கள். வன்கொடுமைச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணை தேவையில்லை என்று 18A பிரிவு தெளிவாகச் சொல்கிறது. தேசிய பட்டியல் சாதியினர் ஆணையத்துக்கும், 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நம் மாநில ஆணையத்துக்கும் மனு அனுப்பலாம். இவை எதுவும் முடியாத நிலையில் இருந்தால், வேலையைக் காப்பாற்றிக்கொண்டு ஆதாரத்தை மட்டும் சேர்த்து வைப்பதும் போராட்டம்தான். அதற்காக யாரும் கூனிக்குறுக வேண்டாம்.

சங்கத்தில், மாணவர் அமைப்பில், அலுவலகக் கூட்டத்தில் இருப்பவர்கள் இந்தக் கோரிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை நிமித்தம் போகிற எல்லா இடமும் பணியிடம் என்ற வரையறையோடு, சாதிப் பாகுபாட்டை விசாரிக்கிற குழு ஒவ்வொரு தனியார் நிறுவனத்திலும் சட்டப்படி வேண்டும். 1997இல் விசாகா தீர்ப்பு வரும்வரை பாலியல் துன்புறுத்தலும் 'பர்சனல் விஷயம்' என்றுதான் சொல்லப்பட்டது. அதிலிருந்து சட்டம் வர 16 வருடம் ஆனது. நாம் இன்னும் முதல் மனுவையே எழுதவில்லை. எழுதத் தொடங்குவோம்.

ஜெய்பீம்.